சரிபார்ப்பு: ஆஃப்

அனுப்புநர்
கணக்கர் (பிரிண்டர், வைஃபை, ஃபயர்வால் கூடுதல் பொறுப்பு),
ஒரு சிறு செராமிக் யூனிட்,
தொழிற்பேட்டை, விருத்தாசலம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
செர்ட்-இன் என்னும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு,
புது டெல்லி.

பொருள்: ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைத்திருத்தல் – வாழ்த்தும் வேண்டுகோளும் – தொடர்பாக.

பார்வை: தங்களின் 28.04.2022 தேதியிட்ட உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் வாழ்த்து. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி. அதே ஆண்டு நவம்பரில், யாரும் மாலை போடாத இன்னொரு வெள்ளியும் கிடைத்தது. பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வால்களுக்குள் திருடர்கள் புகுந்தபோது, இணையப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஷேடோசர்வர் அமைப்பு உலகம் முழுக்க எண்ணிப் பார்த்தது. பறிபோனவை ஏறத்தாழ 2,000 பெட்டிகள். அமெரிக்காவில் 554, அடுத்து நாம், 461. மூன்றாவதாக வந்த தாய்லாந்துக்கு வெறும் 80. இவ்வளவு தூரம் முந்தி நாம் வேறெந்தப் போட்டியில் ஓடியிருக்கிறோம்?

எங்களைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பழைய வீட்டு மீட்டர் பலகையில் வெள்ளையாக ஒரு ஃப்யூஸ் கேரியர் இருக்குமே, பில் கட்டாவிட்டால் ஈ.பி.காரர் வந்து பிடுங்கிக்கொண்டு போவாரே, அது எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். எம்.சி.பி. சுவிட்சுகள் வந்த பிறகு அந்த வியாபாரம் இளைத்துவிட்டது. இப்போது பொம்மை, கப், கார்த்திகைக்கு விளக்கு என்று காலம் ஓடுகிறது.

எங்களுக்கு எதற்கு ஃபயர்வால் என்று கேட்பீர்கள். ஒரு பெரிய ஆர்டருக்கான படிவத்தில் "ஃபயர்வால் உண்டா? ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருந்தது. முதலாளி "ஆம்" என்று டிக் போட்டுவிட்டு, பிறகு பெட்டியை வாங்கினார். களிமண் தூசி படிந்த அலமாரியில், ரசீதுப் புத்தகங்களுக்கும் சாமி படத்துக்கும் நடுவில், அது பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு இருக்கிறது. மாட்டிக் கொடுத்த சர்வீஸ் தம்பி புதுச்சேரிக்காரர். கிளம்பும்போது, "சார், அட்மின் பக்கத்த வெளியிலேர்ந்தும் தொறக்கிற மாதிரி வச்சிருக்கேன். ஏதாவதுன்னா நான் அங்கேர்ந்தே பாத்துக்குவேன், பஸ் ஏறி வர வேணாம் பாருங்க" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். தம்பிக்கு ஒரு பஸ் டிக்கெட் மிச்சம். பெட்டியின் லாகின் பக்கம் உலகத்தில் யார் தட்டினாலும் பதில் சொல்லும்.

பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அப்புறம்தான் 2024 நவம்பர்க் கதையைப் படித்தேன். பாலோ ஆல்டோ பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கு அனுப்பும் கோரிக்கையோடு, சரிபார்ப்பு ஆஃப் என்று பொருள்படும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதுமாம். பெட்டி பாஸ்வேர்டே கேட்காது. அட்மினாக உள்ளே விட்டுவிடும். கூடவே இருந்த இன்னொரு ஓட்டை வழியாக மிச்ச அதிகாரமும் கைக்கு வந்துவிடும். "என்னைச் சோதிக்காதே" என்று வந்தவனே சொல்ல, "உத்தரவு" என்று பெட்டி ஒதுங்கி நின்றிருக்கிறது. ரேஷன் கடையில் நான் ஒருமுறை இப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் அதை அடைத்தது. 2025 பிப்ரவரியில் அதே நிர்வாகப் பக்கத்தில், பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய இன்னொரு வழி வெளிப்பட்டது.

ஒரே நிறுவனத்தைச் சொன்னால் பாரபட்சமாகிவிடும். 2022 அக்டோபரில் ஃபோர்டினெட் பெட்டிகளின் கதை வெளியே வந்தது. "நான் 127.0.0.1இலிருந்து பேசுகிறேன்", அதாவது இந்தப் பெட்டிக்குள்ளிருந்தே பேசுகிறேன் என்று கோரிக்கையில் எழுதி அனுப்பினால், பெட்டி தன்னோடு தானே பேசுவதாக நம்பிக் கதவைத் திறந்தது. அந்த ஆண்டு அள்ளிய 15,000க்கும் மேற்பட்ட பெட்டிகளின் அமைப்புக் கோப்புகளை 2025 ஜனவரியில் ஒரு கும்பல் இலவசமாக வெளியிட்டது. பழைய கோப்புதானே என்று யாராவது ஆறுதல் சொன்னால், அவர் கடைசியாக எப்போது பாஸ்வேர்டை மாற்றினார் என்று கேளுங்கள்.

நம் நாட்டுச் சரக்கும் சளைத்ததில்லை. அகமதாபாத்தில் பிறந்த சைபரோம் ஃபயர்வால் நிறுவனத்தை 2014இல் பிரிட்டனின் சோஃபோஸ் வாங்கியது. 2018 டிசம்பரில் சைபரோம் அலுவலகத்துக்குள்ளேயே ஆள் புகுந்திருந்தது தெரியவந்தது. அவன் பிடித்த இடம், சுவரில் மாட்டிய டிவிக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சாதாரணக் கணினி. ஃபயர்வால் செய்கிறவர்கள் கதியே இதுவென்றால் கப் செய்கிற நாங்கள் எந்த மூலைக்கு? 2020 ஏப்ரலில் சோஃபோஸ் பெட்டிகளே குறியாயின. உலகம் முழுக்க ஏறத்தாழ 81,000 பெட்டிகள் தாக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை பிறகு குற்றப்பத்திரிகையில் சொன்னது. சிக்கியவற்றில் நிர்வாகப் பக்கத்தையோ பயனர் பக்கத்தையோ இணையத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தவையே இருந்தன.

இனித் தங்கள் உத்தரவுக்கு வருகிறேன். சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. சிறு தொழில்கள் தயாராக 25.09.2022 வரை அவகாசமும் கொடுத்தீர்கள், நன்றி. எங்கள் யூனிட் இன்றுவரை ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை. உள்ளே யாராவது வந்தால் எங்களுக்குத் தெரியவே வராது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னீர்கள். வைத்திருக்கிறோம், அதே பெட்டிக்குள். அட்மினாகிவிட்டவன் பதிவை மட்டும் தொடாமல் போவான் என்ற நல்லெண்ணத்தில். கடிகாரத்தை அரசின் நேர சர்வரோடு ஒத்துவைக்கச் சொன்னீர்கள். அதுவும் ஆயிற்று. திருடன் வந்த நேரம் நொடி பிசகாது. கீழ்ப்படியாவிட்டால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சிறை பெட்டியை மாட்டியவருக்கா, விற்றவருக்கா, கணக்கருக்கா என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. விளங்குகிற மாதிரியும் இருக்கிறது.

வந்ததைச் சரிபார்த்து வாங்கும் விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. திருமுதுகுன்றம் எனப்பட்ட எங்கள் ஊரில் இறைவன் தந்த 12,000 பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கடவுளே அனுப்புகிறார் என்றாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. ஆற்றில் போடுமுன் மச்சம், அதாவது மாதிரிக்கு ஒரு துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. பதிகம் பாடினார், சரியானது. ஐயா, நாங்கள் மச்சம் வெட்டுவதில்லை. அப்டேட் போட்டதும் கும்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறோம். முன்பே புகுந்தவன் எதையாவது வைத்துவிட்டுப் போனானா என்று உரைத்துப் பார்ப்பதில்லை. வைத்துவிட்டுப் போகிறார்கள்: ஓட்டையை அடைத்த பிறகும் கோப்புகளைப் படிக்க உதவும் ஓர் இணைப்பைத் திருடர்கள் பெட்டிகளுக்குள் விட்டுச் சென்றிருப்பதாக 2025 ஏப்ரலில் ஃபோர்டினெட்டே அறிவித்தது. எங்களுக்குப் பதிகமும் பாட வராது.

ஆகவே வேண்டுகோள். 2023 ஜூனில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா தன் நாட்டு அரசு அலுவலகங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. நிர்வாகப் பக்கம் இணையத்தில் தெரிந்தால் 14 நாளுக்குள் உள்ளே இழுத்துக்கொள், இல்லையேல் முன்னால் வேறு காவல் போடு. அவ்வளவுதான். அப்படி ஒரு கெடுவை எங்களுக்கும் வையுங்கள். விற்கும்போதே வெளியிலிருந்து திறக்கும் வசதி அணைந்திருக்கட்டும்; திறப்பவர் தன் பெயரெழுதிக் கையெழுத்துப் போடட்டும். வெளியிலிருந்து பார்த்தே தீர வேண்டும் என்கிற சர்வீஸ்காரர் வி.பி.என். வழியாக வரட்டும். ஆண்டுச் சந்தா தீர்ந்த பெட்டிக்கும் இப்படிப்பட்ட ஓட்டைகளுக்கான அப்டேட்டை இலவசமாகக் கொடுக்கும்படி நிறுவனங்களிடம் சொல்லுங்கள். இதையெல்லாம் தமிழிலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு அனுப்பினால் சூளைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

எங்கள் பெட்டியில் வெளியிலிருந்து திறக்க விடும் டிக்கை இன்று எடுத்துவிட்டேன். தம்பி இனிப் பேருந்தில்தான் வருவார். டிக்கெட் காசை யூனிட் கொடுக்கும், முதலாளியிடம் பேசியாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கர் (கூடுதல் பொறுப்பு)