மின்மினியும் மகானுபாவரும்

உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றி, ஆப்பிரிக்கச் சிங்கத்தின் கொட்டாவியையும் அண்டார்க்டிக்கப் பெங்குவினின் நடையையும் படம் பிடித்து முடித்த கனவான்கள், எங்கள் சுங்கை பஞ்சாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கூகை எலி வேட்டையாடுவதைத் திரும்பியும் பாராமல், கோலசிலாங்கூருக்கு விரைவது நித்திய உற்சவமாகிவிட்டது. அங்குள்ள மெலாவத்தி மலையிலே, சாம்பல் நிறத் தாயின் மடியில் ஆரஞ்சு வர்ணத்தில் கிடக்கும் குரங்குக் குட்டியின் முன் மண்டியிட்டு, பீரங்கி போன்ற லென்ஸைத் திருகிக்கொண்டிருக்கும் அந்தப் புண்ணிய க்ஷணத்தில், அதன் சிற்றப்பன் பின்புறமாக வந்து, பையிலிருக்கும் கச்சான் பொட்டலத்தைச் சுவாதீனம் செய்துகொள்கிறான்; அந்த அபூர்வக் காட்சிதான் எந்தக் கேமராவிலும் விழுவதில்லை.

இரவிலோ, கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிப் பெண் மின்மினிகளிடம் காதல் விண்ணப்பம் சமர்ப்பிக்கையில், ‘பிளாஷ் போடாதீர்கள்’ என்று துடுப்புப் படகுக்காரர் மன்றாடுவதைத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, மறுகணமே பளீரென்று ஒன்றைப் போடும் மகானுபாவருக்குக் கிடைக்கும் படத்தில், மின்மினி ஒன்றுமில்லை. முன்னிருக்கைக்காரரின் வழுக்கைத் தலை மட்டும் திவ்யமாகப் பிரகாசிக்கிறது.

அதுவும் ஒரு ஜீவஜந்துவின் படம்தானே!