கரகரப்புக்குத் தனி ரேட்

மைக் செட்டில் குரல் உடைந்தால் எங்கள் ஊரில் பாதி வாடகைதான் தருவார்கள். பேச்சு முற்றினால் அதுவும் கிடையாது. எங்கள் ஊர் ராமாபுரம், அன்றைக்கு மைசூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. 1956க்கு முன்னால் கொள்ளேகாலே கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது; 1997இல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது; இப்போது எங்களுக்கு ஹனூர் தாலுகா. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், விலாசம்தான் ஊர் சுற்றியது. கல்யாண வீட்டில் தமிழ்ப் பாட்டு, மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டம் போகும் நாட்களில் கன்னடப் பாட்டு, மார்ட்டள்ளிப் பக்கம் போனால் மாதா பாட்டு. எந்த மொழியானாலும் புகார் ஒன்றுதான்: “கரகரங்குதப்பா, என்னன்னு பாரு.”

பார்க்க வேண்டிய ஆள் நான். மைக் செட் கடையில் எடுபிடி.

வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டுவோம், ஒன்று ஊரைப் பார்த்து, ஒன்று காட்டைப் பார்த்து. காட்டுப் பக்கம் யார் கேட்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, “சத்தம் பத்தாது” என்று தானே குமிழைத் திருகுவார். அங்கேதான் வினை. ஆம்ப்ளிஃபயரால் ஓர் அளவுக்கு மேல் தள்ள முடியாது. அந்த உயரத்தைத் தாண்டுகிற அலையின் தலை அப்படியே வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மடங்கு ஒலிகள் பெருகும். 220 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் என்றால் 440, 660, 880 என்று மேலே மேலே ஏறும். மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள்; ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெட்டினால் இரட்டைப்படையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கணக்கெல்லாம் பின்னால் என் அக்கா மகன் சொல்லிக் கொடுத்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த வித்தை, குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பெரியவருக்கு ஒரு காபி வரவழைப்பதுதான்.

அப்புறம் ரெக்கார்டிங் கடைக்கு மாறினேன். வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், காலி கேசட்டில் நாங்கள் ஏற்றிக் கொடுப்போம். உரிமை, ராயல்டி என்ற சொற்கள் மலையேறி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. காலையில் முதல் வேலை, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைப்பது. பஞ்சு காவி நிறமாக வரும். டேப்பில் பூசிய இரும்பு ஆக்ஸைடு. அந்தத் துகள்கள் ஓர் எல்லை வரைதான் காந்தமாகும். அதற்கு மேல் எவ்வளவு சத்தம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாது, குரல் நசுங்கும், ‘ஸ’வும் ‘ஷ’வும் மழுங்கும். அதனால் மீட்டர் முள் சிவப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளிக்குக் காது மந்தம், கண் கூர்மை. பாட்டைக் கேட்க மாட்டார், முள்ளை மட்டும் பார்ப்பார்.

1992 எங்களுக்கு விசித்திரமான வருஷம். மே மாதம் வீரப்பன் ஆட்கள் ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கி ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றார்கள். இருட்டுவதற்குள் கடையைச் சாத்திக்கொண்டு ஓடிய காலம். ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே 1989இல் ஸ்டூடியோ கட்டிய ஒரு பையன் போட்ட இசை என்றார்கள். அந்தக் கேசட்டை டெக்கில் போட்டபோது முதலாளியே முள்ளை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். அத்தனை துலக்கம். வீட்டில் பதிந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும், கழுவித் துடைத்த மாதிரி என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அந்த முடிவைத்தான் இப்போது மைசூரில், குவெம்பு நகரில், ஒரு வாடகை அறைக்குள் அக்கா மகன் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

சுவரெல்லாம் கம்பளி. ஜன்னலுக்கு மெத்தை. ஏப்ரல் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் ஒயரையும் பிடுங்கிவிட்டுப் பாடுகிறான். கண்டென்சர் மைக் அவன் மூச்சைக்கூட எழுதிவைக்கிறது. பாடி முடித்ததும் கம்ப்யூட்டரில் நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுகிறான். டீ-எஸ்ஸர் போட்டு ‘ஸ’வை அடக்குகிறான், இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் முதலில் அதைத்தான் பிடித்துக் காதைக் கிழிக்குமாம். கம்ப்ரஸ்ஸர் போட்டு மேடு பள்ளத்தைச் சமன் செய்கிறான். இத்தனையும் ஆனபின், பளிங்கு போல இருக்கிற அந்தக் குரலை எடுத்து, டாலரில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிளக்-இன்னுக்குள் விட்டுக் கரகரக்க வைக்கிறான்.

சவுண்ட்டாய்ஸ் கம்பெனியின் ‘டெக்கபிடேட்டர்’ அது. திரையில் பழைய ஆம்ப்ளிஃபயர் மாதிரியே குமிழ், முள், தேய்ந்த பெயின்ட். ‘பனிஷ்’ என்று ஒரு பொத்தான்கூட உண்டு. அழுத்தினால் இன்னும் 20 டெசிபல் கூட்டித் தள்ளுகிறது. முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. என் கை தானாக நீண்டது.

“மாமா, சும்மா இருங்க. அது அங்கதான் இருக்கணும்.”

“முதலாளி பாத்திருந்தா சம்பளத்துல புடிச்சிருப்பாருடா.”

“முழுசா இல்லீங்க மாமா. ஒரிஜினல் குரல் ஒரு பக்கம் அப்படியே போகும். இன்னொரு காப்பிய மட்டும் உடைச்சு, அடியில லேசா கலக்கறேன். கேக்கறவங்களுக்கு டிஸ்டார்ஷன்னே தெரியாது. எடுத்துட்டா மட்டும் என்னமோ போயிருச்சுன்னு தோணும்.”

எடுத்துக் காட்டினான். தோன்றியது. ஒத்துக்கொள்ள மனமில்லாமல் காரணம் கேட்டேன். ஆண் குரலின் அடிச்சுரம் பேசும்போது 100, 150 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. செல்போனின் துளியூண்டு ஸ்பீக்கரால் அதைச் சரியாகக் கொடுக்க முடியாது. மேலே உள்ள மடங்குகளைக் கனப்படுத்தி அனுப்பினால், இல்லாத அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. அதனால்தான் டீக்கடை இரைச்சலிலும் பாட்டு முன்னால் நிற்கிறதாம். வேப்பமரத்துக் குழாயும் அடியை விழுங்கிவிட்டு நடுவையும் மேலையும்தான் துப்பியது. வயல் தாண்டி இரண்டு ஊருக்குக் கேட்டதே. அவன் டாலர் கொடுத்து வாங்கியதை நாங்கள் இலவசமாகக் கொடுத்து, அதற்காகப் பாதி வாடகையையும் இழந்திருக்கிறோம்.

வெளியூரில் இந்தப் பைத்தியம் முன்பே பிடித்துவிட்டது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றை அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதியும்போது மிக்ஸிங் கன்சோலில் ஒரு பாகம் கெட்டு, கிதார் புர்ரென்று உறுமியது. அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். பாட்டு ஓடியது. பதிவு செய்த எஞ்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை வேண்டும்போது வரவழைக்க ஒரு சர்க்யூட் செய்தார். மறு வருஷமே அது ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று பெட்டியில் விற்பனைக்கு வந்தது. குரலுக்கு வந்தது கொஞ்சம் பின்னால். 1967இல் பீட்டில்ஸின் ஜான் லெனன், 1969இல் கிங் கிரிம்சன். ரிப்பேர் செய்யத் தெரிந்தவன் பிழைப்பு ஓட்டுவான், ரிப்பேரையே விற்கத் தெரிந்தவன் கம்பெனி வைப்பான். நான் முதல் ரகம்.

ஆனால் கரகரப்புக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த மரியாதையை நாஷ்வில் கண்டிருக்காது. 2000 ஜூலை 30 அன்று இரவு தொட்ட காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். போகும்போது அவர் மனைவி பர்வதம்மா கையில் ஒரு கேசட்டைக் கொடுத்து, முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவிடம் சேர்க்கச் சொன்னான். அதன்பின் 108 நாட்கள், ‘நக்கீரன்’ பத்திரிகை ஆசிரியர் கோபால் தூதராகக் காட்டுக்குப் போகிறார், வருகிறார், கேசட் வந்ததா என்பதே பேச்சு. கடத்தப்பட்டவர் பாடகராகத் தேசிய விருது வாங்கியவர். துலக்கமாகப் பதிவான அவர் குரல் எங்கள் கடையில் அடுக்கடுக்காக இருந்தது. அந்த நாட்களில் அதைக் கேட்டு யாரும் வரவில்லை. காட்டிலிருந்து வரும் கேசட்டுக்காக இரண்டு மாநில அரசாங்கங்கள் காத்துக் கிடந்தன. அந்தப் பதிவு மட்டும் ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்திருந்தால், முதல் கேள்வி “இது நிஜமா?” என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இதைச் சொன்னபோது அக்கா மகன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு அந்தப் பார்வை பழக்கம். செலவு வைக்கப் போகிறான்.

“மாமா, ஊர்ல அந்தப் பழைய குழாய் இன்னும் இருக்குங்களா? குரல அதுல ஓட விட்டு, எதுக்க மைக் வெச்சுத் திருப்பி எடுத்துரலாம். எந்தப் பிளக்-இன்னும் பக்கத்துல வராது.”

இருந்தது. மைக் செட் கடையை இப்போது பழைய முதலாளியின் மகன் நடத்துகிறார். டி.ஜே. பாக்ஸ் வந்தபின் குழாய்கள் பரணில் தூங்குகின்றன. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்: பழையதுதான் வேண்டும், கரகரப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க கவலைப்படாதீங்கண்ணா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் வழியாக மைசூர் பஸ்ஸில் குழாய் வந்து இறங்கியது. துடைத்துப் பளபளவென்று இருந்தது. கூடவே ஆளையும் அனுப்பியிருந்தார். பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“ஓனரு புது யூனிட்டே மாட்டச் சொல்லிட்டாருங்ண்ணா. அவங்கப்பா காலத்து ஆளு கேக்கறாங்க, கெட்டது குடுத்தா மரியாதையா இருக்காதுன்னாரு. இனி எவ்வளவு வெச்சாலும் ஒரு பிசிறு வராது. யூனிட்டுக்குக் காசு வேண்டாமாம், வாடகை மட்டும் முழுசாக் குடுத்துருங்க.”

நான் வாடகையை எண்ணிக் கொடுத்தேன். அக்கா மகன் உள்ளே போய் ‘பனிஷ்’ பொத்தானை அழுத்தினான்.