பழுதும் சேர்த்துச் செய்து கொடுக்கப்படும்

கிங்ஸ்பரியில் கணக்காளரைக் கண்டால் வரி பற்றிக் கேட்பார்கள். மருந்துக்கடைக்காரரைக் கண்டால் முழங்கால் வலியைச் சொல்வார்கள். ஃப்ளைட் சிமுலேட்டருக்கு மெக்கானிக்கல் டிசைன் செய்கிற நம்மாளிடம் என்ன கேட்பதென்று எங்கள் சனத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் கொழும்புக்கு மலிவு டிக்கெட் எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

சாமத்தியவீட்டில் ரோல்ஸைக் கடித்தபடி ஒரு மாமி தொடங்குவார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"விமானிகள் பழகிற சிமுலேட்டர் செய்யிறம், மாமி. விமானம் மாதிரியே இருக்கும். ஆனால் பறக்காது."

"ஏன், பழுதோ?"

"பழுதையும் நாங்கள்தான் செய்து குடுக்கிறது."

நம்மாள் பகிடி விடவில்லை. இயந்திரம் தீப்பிடிப்பது, சக்கரம் இறங்க மறுப்பது எல்லாம் பின்னால் இருக்கும் பயிற்றுநர் திரையைத் தொட்ட மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். இதை விளக்குவதற்குள் மாமி பக்கத்து மேசை டொக்டரிடம் போய்விடுவார். காலியான கதிரையில் ஒரு மாமா வந்து குந்துவார். "எங்கடை சின்னவனும் லாப்டொப்பிலை இதுதான். விடிய விடிய ஓட்டுறான்."

நம்மாளுக்குக் கோபம் வரும். வருவதில் நியாயமும் உண்டு. அவர் காலையில் ஜூபிலி லைன் பிடித்து, வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் ரயில் மாறி, கட்விக்கையும் தாண்டி கிராலிக்குப் போவது, பத்து டன்னுக்கும் மேலான விமானி அறை ஒன்றை ஆறு கால்களில் ஆடவைக்க. அந்த ஆறு கால்களுக்கு உலகம் வைத்த பெயர் ஸ்டூவர்ட் பிளாட்ஃபார்ம். ஸ்டூவர்ட் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1965இல். அதற்கு முன்பே, 1950களில், பர்மிங்ஹாம் டன்லொப்பில் டயர் சோதிக்க ஆறுகால் இயந்திரம் கட்டியவர் எரிக் கஃப். இதைச் சொல்லும்போது, சொந்தப் பெரியப்பாவின் காணியை யாரோ கள்ள உறுதி முடித்து எடுத்தது போல அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

உடம்பை ஏமாற்றுவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ஓடுபாதையில் விமானம் பிய்த்துக்கொண்டு ஓடும்போது முதுகு இருக்கையில் அழுந்துமல்லவா? அறையால் ஓட முடியாது. ஆகவே அது மெல்ல மூக்கைத் தூக்கும். கண்ணுக்கு முன்னால் ஓடுபாதை நேராகவே இருக்கும். விமானியின் சொந்தப் பாரமே அவரை முதுகுப்பக்கம் அழுத்தும். போதிய அளவு மெதுவாகச் சாய்த்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் தெரியாது. பிறகு கால்கள் கள்ளப்பூனையாக நடுவுக்குத் திரும்பிவிடும். இத்தனை கூத்துக்கும் நடுவில் திரையைத் தாங்கும் ஒரு பிராக்கெட் கிடுகிடுத்தாலும் போச்சு. அது பயிற்றுநரின் பட்டியலில் இல்லாத பழுது. அந்த பிராக்கெட்தான் நம்மாளின் வாழ்நாள் கவலை.

கவலை வேலையோடு நிற்காது. தைப்பொங்கலுக்கு முதல் மனைவி ஒரு சாமித்தட்டு கேட்டார். நம்மாள் கணினியில் வரையத் தொடங்கினார். பிள்ளையார், முருகன், லட்சுமி, குத்துவிளக்கு எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தார். பாரத்தைப்போல ஆறு மடங்கு தாங்க வேண்டும் என்றார். கற்பூரச் சூட்டுக்கு உலோகம் எவ்வளவு நீளும் என்றும் கணக்குப் பார்த்தார். வைகாசியில் படம் மூன்றாவது திருத்தத்தில் நின்றது. மனைவி வெம்பிளி ஐகியாவுக்குப் போய்த் தட்டு ஒன்றை வாங்கிவந்து, தானே துளைபோட்டுப் பூட்டிவிட்டார். நம்மாள் ஒரு விரலால் அதை அழுத்திப் பார்த்து, "ஆடுதே" என்றார்.

"சாமிதானே, ஆடட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோ கிரீன் பார்க்கில் அவரிடம் அகப்படாமல் நடப்பது நல்லது. பக்கத்திலுள்ள ரோ கிரீன் வில்லேஜைக் காட்டி, முதல் உலகப் போர்க்காலத்தில் ஏர்கோ விமானத் தொழிலாளருக்காகத் திட்டமிட்ட வீடுகள் என்பார். ஸ்டாக் லேன் பக்கம் கைநீட்டி, டி ஹாவிலண்ட் கம்பனி 1920இல் அங்கேதான் தொடங்கியது, 1925இல் மொத் விமானம் முதலில் கிளம்பியதும் அங்கேதான், ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த எமி ஜோன்சன் விமானம் ஓட்டப் பழகியதும் அங்கேதான் என்று அடுக்குவார்.

"அப்ப அந்தக் காலத்திலை இங்கை பறக்கிற பிளேன்தான் செய்திருக்கினம்" என்றார் கூட நடந்தவர். அதற்குப் பிறகு பார்க் கேட் வரை பேச்சில்லை.

இவரோடு ஊருக்குப் பயணம் போவது தனி அனுபவம். விமானம் கிளம்பும்போது எல்லாரும் நேர்த்தி வைப்பார்கள். இவர் கண்ணை மூடி அதிர்வுக்குப் புள்ளி போடுவார். "எங்கடையிலை இதைவிடத் திறம்" என்பார். பிறகு, பக்கத்துச் சீட்டில் சங்கிலியை இறுகப் பிடித்திருக்கும் ஆச்சிக்குத் தைரியம் சொல்ல ஆசைப்படுவார்.

"பயப்பிடாதேங்கோ, ஆச்சி. ஓட்டிப் பழகின விமானி புது ரகத்துக்கு மாறேக்கை முழுப் பழக்கத்தையும் சிமுலேட்டரிலேயே முடிக்கலாம். அந்த ரகத்தை உண்மையிலை முதல்முதல் ஓட்டுறது சனத்தை ஏத்திக்கொண்டுதான். பக்கத்திலை பயிற்றுநர் இருப்பார்."

ஆச்சி கொஞ்சநேரம் யோசித்தார்.

"அப்ப இண்டைக்கு ஓட்டுறவர்?"

"அது தெரியாது, ஆச்சி."

ஆச்சி மணியை அமத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.