ஒரு பிக்சற் பொட்டின் உற்பத்தியும் பரிகாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எல்லையைப் பற்றி அபிப்பிராயமில்லாத மனிதரைக் காண்பது அரிது. அந்த அபிப்பிராயத்தை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோகாதவரைக் காண்பது அதனினும் அரிது. கதியாலொன்று ஒரு சாண் இப்பால் வந்ததா அப்பால் போனதா என்று தலைமுறை தலைமுறையாகத் தர்க்கித்து வந்த இந்தச் சமூகம், கைத்தொலைபேசித் திரையில் ஒட்டிநிற்க வேண்டிய இரண்டு நிறக்கட்டங்களுக்கிடையே மயிரிழையாக மின்னும் வெள்ளைக் கோட்டை மாத்திரம் விசாரணையின்றி விட்டுவிட்டது வியப்புக்குரியது. அக்குறையை நிவிர்த்திப்பதே இவ்வியாசத்தின் பிரயோசனம்.

முதலில் உற்பத்தி. நூறு பிக்சல் அகலமான பெட்டியொன்றை மூன்று பத்திகளுக்குச் சமமாகப் பிரிக்கவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பங்கு 33-உம் மூன்றிலொன்றும் ஆகும். பிக்சலைப் பிளந்து கொடுக்கத் திரைக்கு ஆற்றலில்லாமையால், நிரலெழுதுபவர் ஒவ்வொரு பங்கையும் 33 என்று முழுமையாக்கிவிட, கூட்டினால் வருவது 99. எஞ்சிய ஒரு பிக்சல் எவர் பெயரிலும் உறுதி முடியாத காணியாகி, அதனூடே பின்னணி நிறம் எட்டிப் பார்க்கிறது. இது வேலிப் பொட்டேயன்றி வேறில்லை. நாய் நுழையவாவது நாலு விரற்கடை வேண்டும். குறை கண்டுபிடிக்க வந்த வாடிக்கையாளரின் கண்ணுக்கு அதுவும் வேண்டியதில்லை.

இவ்விடரை உணர்ந்த உலாவிகள் பிக்சலை உள்ளே நுண்கூறுகளாக்கிக் கணக்கிடுகின்றன. குரோம் அதனை 64 கூறாக்கும். பயர்பொக்ஸ் 60 கூறாக்கும். 60 மூன்றால் வகுபடும், 64 வகுபடாது. ஆதலால் அதே நூறு பிக்சல் பயர்பொக்ஸில் தலைக்கு 2000 கூறாகப் பிசகின்றிப் பிரிய, குரோமில் தலைக்கு 2133 கூறாகப் பிரிந்து ஒரு கூறு அநாதையாகிறது. குரோமை மாத்திரம் நிந்திப்பது தருமமன்று. நமது பழைய எண்சுவடியின் முந்திரி 320-இல் ஒரு பங்கு. அது 64-இன் ஐந்து மடங்கேயாகையால், மூன்று வாரிசுகளைக் கண்டால் முந்திரியும் திகைத்தே நிற்கும். யாழ்ப்பாணத்துப் பரப்போ பதினெட்டுக் குழி. இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என எத்தனை பேர் வந்தாலும் அது முகங்கோணாது பிரியும். நாலும் ஐந்துமாகப் பெற்றவர்கள் பிறக்கிராசியாரிடம் போகலாம்.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும்: பிக்சலைப் பிளக்க இயலாவிடினும் நிறத்தைப் பிளக்கலாமே என்பது. பிளந்து பார்த்தாயிற்று. ஒரு பிக்சல் தடிப்புள்ள கறுப்புக் கோட்டை அரைப் பிக்சல் தள்ளி வைத்தால், அது இரண்டு வரிசைகளில் அரைக் கருமையாகப் பரந்து சாம்பல் நிறமாய் மங்குகிறது. எல்லை இருவருக்கும் பொதுவாயிற்று, எவருக்கும் தெளிவாகவில்லை.

ஆகவே சித்தாந்தம் யாதெனின், பங்குகளை முழுமையாக்காது எல்லைகளை முழுமையாக்குதல். எல்லைகள் 0, 33⅓, 66⅔, 100. முழுமையாக்கினால் 0, 33, 67, 100. பத்திகள் 33, 34, 33. பொட்டு அடைபட்டது. நடுப்பத்திக்கு ஒன்று கூடிற்றேயென்று ஓரப்பத்திகள் முறையிடுமாயின், 1707-இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை காணி விலைப்படும்போது உடன்பங்காளிக்கு முதலுரிமை கொடுத்ததை எடுத்துக்காட்டி, எஞ்சிய பிக்சல் அந்நியனிடம் போகாமற் பங்காளியிடமே போயிற்று என்று சமாதானம் சொல்லலாம். அவை ஏற்குமா என்பது வேறு விஷயம்.

இன்னுமொரு நுட்பம். வருஷந்தோறும் வேலி அடைக்கும்போது எல்லைக்கல்லை விட்டுப் போன வருஷத்துக் கதியாலிலிருந்து அளப்பவன் பத்து வருஷத்தில் அயலவனின் கிணற்றடிக்குப் போய்விடுவான். திரையில் ஓடும் சித்திரத்துக்கும் இதுவே விதி. ஒவ்வோரடிக்கும் 0.4 பிக்சல் நகரவேண்டிய படத்தை அடிக்கடி முழுமையாக்கிக்கொண்டே போனால் அது நின்ற இடத்தைவிட்டு அசையாது, 0.6 ஆயினோ முழுப் பிக்சலாகப் பாய்ந்தோடும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து, கடைசியில் ஒரேயொரு தரம் முழுமையாக்குவதே முறை.

சரிபாதி மட்டும் தீராத வழக்கு. 2.5-ஐ ஜாவாஸ்கிரிப்ட் 3 என்கிறது, பைதன் 2 என்கிறது, −2.5-ஐ ஜாவாஸ்கிரிப்ட் −2 என்க, சி மொழி −3 என்று சாதிக்கிறது. இம்மூன்றையும் ஒரே திரையின் வேலைக்கு அமர்த்தியிருக்கும் நிறுவனத்தார், தாமதியாது நல்ல நில அளவையாளர் ஒருவரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்களாக.