கண்ணில் மின்னல், தலையில் இடி

கல்லூரி மாணவி, காரைக்குடி

கே: படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்துக்கு நடுவே திடீரென்று ஒரு ஓட்டை. பிறகு பளபளவென்று வளைந்து நெளிந்து ஒரு கோடு. அரை மணி நேரத்தில் ஒரு பக்கத் தலை பிளக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

ப: மருத்துவப் பாடநூலில் இருக்கும் வர்ணனையை வரி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்கு முன்னே வரும் அறிகுறி இது. மருத்துவர்கள் 'ஆரா' என்பார்கள். நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். இந்த நோயில் ஸ்கேனைவிட உங்கள் வாய்மொழிக்குத்தான் மதிப்பு.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்

கே: ஒற்றைத் தலைவலிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஒளிக்காட்சி உண்டா?

ப: நால்வரில் ஒருவருக்கு, அல்லது சற்றே கூடுதலாக. மற்றவர்களுக்குத் தலைவலி சொல்லிக்கொள்ளாமலே வருகிறது.

ஆசிரியை, திண்டுக்கல்

கே: கண்ணில்தான் கோளாறு என்று மூன்று முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். கோடு போகவில்லையே?

ப: நான்காவதை வாங்காதீர்கள். கோடு ஓடுவது கண்ணில் இல்லை. பின்மண்டையில், பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில். அடுத்த முறை வரும்போது இடக்கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை. இரண்டிலும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் விஷயம் மூளையில். ஒரே கண்ணில் மட்டும் தெரிந்தால் அது வேறு கதை. அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

இயற்பியல் மாணவர், கோவை

கே: மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

ப: மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை கிளம்புகிறது. போகிற வழியில் நரம்பணுக்களைச் சற்று நேரம் கொந்தளிக்க வைத்து, பிறகு அடக்கிப்போடுகிறது. கொந்தளிக்கும் இடம் மினுக்குகிறது. அடங்கிய இடம் ஓட்டையாகிறது. வேகம்? நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். எறும்பு சிரிக்கும்.

1944-இல் ஹார்வர்டில் வேலை செய்த பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் இந்த அலையைக் கண்டுபிடித்தார். அவர் தேடிப்போனது வலிப்பு நோயை. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1941-இல், கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த ஓட்டை எப்படி வளர்கிறது என்று தாளில் வரைந்து, நேரத்தைக் குறித்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். முயல் தேவைப்படவில்லை, கத்தி தேவைப்படவில்லை. பென்சிலும் பொறுமையும் போதுமானதாக இருந்தன. எனக்குப் பிடித்த விஞ்ஞானக் கதைகளில் இதற்கு முதல் வரிசை.

ஓவியர், கும்பகோணம்

கே: இந்தக் கோட்டைப் பார்த்து யாராவது படம் வரைந்திருக்கிறார்களா?

ப: அருமையாக வரைந்திருக்கிறார் ஹியூபர்ட் ஏரி, ஆங்கிலேய மருத்துவர். 1870-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. சின்னப் புள்ளியாகத் தொடங்கி, பல் பல்லாக விரிந்து, பழைய கோட்டை மதிலின் வரைபடம் போலப் பார்வையின் ஓரம் வரை போகும் வளைவு. உள்ளே நீலமும் சிவப்பும். நூற்றைம்பது வருடம் ஆகியும் நரம்பியல் நூல்களில் அந்தப் படம் வருகிறது. உங்களுக்கும் கோடு வந்தால் வரைந்து வையுங்கள். மருத்துவருக்குப் பயன்படும்.

தகப்பனார், விருதுநகர்

கே: எனக்கு இருக்கிறது. மகனுக்கும் வருமா?

ப: வர வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன ஹியூபர்ட்டின் அப்பா ஜார்ஜ் ஏரி, கிரீன்விச் வானாய்வுக் கூடத்தின் தலைமை வானியலாளர். அவரும் தனக்கு வந்த காட்சியை 1865-இல் கட்டுரையாக எழுதியவர். வானத்து ஒளியை அப்பா அளந்தார், மண்டைக்குள் ஒளியை மகன் வரைந்தார். உங்கள் மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முதல் முறை வரும்போது பயப்படாமல் இருப்பான்.

இலக்கிய வாசகர், பாளையங்கோட்டை

கே: 'ஆலிஸின் அற்புத உலகம்' மைக்ரேனில் பிறந்த கதை என்கிறார்களே?

ப: தேதி உதைக்கிறது. புத்தகம் வந்தது 1865-இல். நகரும் கோட்டைகள் கண்ணில் தெரிந்ததாக அதன் ஆசிரியர் லூயிஸ் கரோல் நாட்குறிப்பில் எழுதியது 1880-களில். ஆனால் உடம்பு பெரிதாவது போலவும் சிறிதாவது போலவும் தோன்றும் ஒரு கோளாறுக்கு 1955-இல் ஜான் டாட் என்ற மருத்துவர் ஆலிஸின் பெயரையே வைத்தார். குழந்தைகளுக்கும் அது வருவதுண்டு. "அம்மா, என் கை பெரிசாயிடுச்சு" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள், பிறகு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்தர், மயிலாடுதுறை

கே: ஞானியர் கண்ட ஒளியெல்லாம் தலைவலிதான் என்று ஒருவர் வாதிடுகிறார். பதில் சொல்லுங்கள்.

ப: 12-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் துறவி ஹில்டகார்டின் தரிசன ஓவியங்களில் மைக்ரேனின் சாயல் இருக்கிறது என்று மருத்துவ வரலாற்றாசிரியர் சார்லஸ் சிங்கர் எழுதினார். மைக்ரேன் பற்றித் தனி நூலே எழுதிய ஆலிவர் சாக்ஸும் ஒப்புக்கொண்டார். ஓவியத்தில் மின்னும் புள்ளிகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒளி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அதை வைத்து அந்தத் துறவி என்ன செய்தார் என்பது வேறு கேள்வி. கோடிப் பேருக்குக் கோடு தெரிகிறது, ஹில்டகார்ட் ஒருவர்தான்.

இல்லத்தரசி, சேலம்

கே: தலைக்குக் குளித்தால் தலைவலி. மாமியார் "நீர் கோத்துக்கிச்சு" என்கிறார். நம்பலாமா?

ப: மாமியார் பாதி ஜெயித்தார். தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டுவதை 94 இந்திய நோயாளிகளிடம் பார்த்து, மும்பை மருத்துவர் ரவிசங்கர் 2006-இல் சர்வதேச இதழில் எழுதினார். தூண்டுவது உண்மை. மண்டைக்குள் தண்ணீர் போவது மட்டும் பொய்.

ஆவி பிடிப்பவர், ஊட்டி

கே: எனக்கு சைனஸ் தலைவலி. எவ்வளவு ஆவி பிடித்தும் தீரவில்லை.

ப: சளி கெட்டியாக, மஞ்சளாக வருகிறதா? காய்ச்சல் உண்டா? இரண்டும் இல்லாமல், வெளிச்சம் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, படுத்தால் தேவலை என்றால் அது பெரும்பாலும் மைக்ரேன். 'சைனஸ்' என்று தாமே முடிவு கட்டியவர்களைச் சோதித்துப் பார்த்தால் மிகப் பலருக்கு மைக்ரேன்தான் இருக்கிறது. மூக்கைக் குறை சொன்னது போதும்.

தைல ரசிகர், மயிலாப்பூர்

கே: நெற்றியில் தைலம் தேய்த்தால் சரியாகுமா?

ப: மென்தால் குளிர்ச்சி வலியைச் சற்றுத் தணிக்கும். தேய்த்து விடுகிற கைக்கும் அதில் பங்கு உண்டு. 1893-இல் அம்ருதாஞ்சனம் தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயரில் உங்கள் பேட்டையில் பூங்காவே இருக்கிறது. ஆனால் கண்ணில் ஓடும் கோட்டைத் தைலம் நிறுத்தாது.

காபிப் பிரியர், மதுரை

கே: காபி தலைவலிக்கு மருந்தா, காரணமா?

ப: இரண்டும். காஃபீன் சேர்த்த வலி மாத்திரைகளே உண்டு. தினமும் நாலு டம்ளர் குடிப்பவர் ஒருநாள் நிறுத்தினால், அந்தக் குறையே தலைவலியாக வந்து நிற்கும். அளவைக் குறையுங்கள், குடிக்கிற நேரத்தை மாற்றாதீர்கள்.

மென்பொருள்காரர், சோழிங்கநல்லூர்

கே: வாரமெல்லாம் நன்றாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தாக்குகிறதே?

ப: ஐந்து நாள் நெருக்கடி, ஆறாம் நாள் தளர்ச்சி, ஏழாம் நாள் பத்து மணி வரை தூக்கம், காலை உணவு கிடையாது. மைக்ரேன் மூளைக்கு மாற்றமே ஆகாது. ஞாயிறும் அதே நேரத்துக்கு எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி படுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு

கே: தினமும் இரண்டு வலி மாத்திரை. இல்லாவிட்டால் தலைவலி. சரிதானே?

ப: சரியில்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கலவை மாத்திரைகளுக்கும் மைக்ரேனுக்கான டிரிப்டான் வகைக்கும் 10 நாள்தான் எல்லை. நீங்கள் விழுங்குவது இப்போது நோயின் பங்காளி. மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

புதுமணப்பெண், நாகர்கோவில்

கே: எனக்குக் கண்ணில் கோடு வந்து தலைவலி வரும். கருத்தடை மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். தலைவலி பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ப: இன்றைக்கே சொல்லுங்கள். ஆராவோடு மைக்ரேன் வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காரணம் பக்கவாதம். ஆரா உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. ஈஸ்ட்ரோஜன் அதை ஏற்றும், சிகரெட் இன்னும் ஏற்றும். இள வயதில் மொத்த ஆபத்து சிறியதுதான், பதறாதீர்கள். புரொஜஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை, காப்பர்-டி என்று வேறு வழிகள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலை வெட்டி வைப்பதானால் இதை வெட்டி வையுங்கள்.

மகள், புதுக்கோட்டை

கே: அப்பாவுக்கு 68 வயது. நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, சீப்புப் பட்டால் தலை நோகிறது, மென்றால் தாடை வலிக்கிறது. நேற்று ஒரு கண் சிறிது நேரம் மங்கியது. மைக்ரேனா?

ப: இல்லை என்று வைத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு தாமதித்தால் பார்வை போய்விடும். போனது திரும்புவது அரிது. மீதிக் கேள்விகளை ஆட்டோவில் படிக்கலாம்.

மருமகன், கடலூர்

கே: அத்தைக்கு இரவில் ஒரு கண் சிவந்து கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில், வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தோம்.

ப: எலுமிச்சை நிரபராதி, பயனும் இல்லை. கண்ணில் நீரழுத்தம் திடீரென்று ஏறும் கிளாக்கோமா இப்படித்தான் வரும். சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பட்டதாரி, வேலூர்

கே: எடை கூடியதிலிருந்து தலைவலி. குனிந்து எழுந்தால் சில நொடி பார்வை இருட்டுகிறது. காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கிறது.

ப: மண்டைக்குள் திரவ அழுத்தம் ஏறியிருக்கலாம். இளம் பெண்களிடம் இது அதிகம். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தால் நரம்பு வீங்கியிருப்பது தெரிந்துவிடும். மாத்திரை உண்டு, எடை குறைத்தால் நோயே பின்வாங்கும். இந்த வாரமே போங்கள்.

ஓய்வுபெற்றவர், திருவண்ணாமலை

கே: 58 வயதில் முதல்முறையாகக் கோடு வந்தது. தலைவலியே வரவில்லை. தப்பித்தேனா?

ப: வலியில்லாத ஆரா உண்டு, வயதானவர்களிடம் சகஜமும்கூட. ஆனால் முதல் வரவு இந்த வயதில் என்றால் சோதனை அவசியம். ஆரா மெல்ல விரியும், 5 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பார்வை சட்டென்று போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ அது பக்கவாதம், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

மருந்துக்கடைப் பையன், அரியலூர்

கே: இதற்குச் சரியான மருந்து உண்டா?

ப: உண்டு. சுமாட்ரிப்டான் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிடைக்கிறது. தலைவலி தொடங்கும்போது போட வேண்டும். இதய நோயாளிகளுக்கு ஆகாது. அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பு மாத்திரைகள் உண்டு. 2018-இல் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிவகுத்த நால்வருக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான பெரிய டென்மார்க் பரிசு கிடைத்தது. எல்லாமே மருத்துவர் சீட்டுக்குத்தான், தம்பி. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் எழுதித் தராதீர்கள்.

பேருந்து ஓட்டுநர், பெரம்பலூர்

கே: வண்டி ஓட்டும்போது கோடு வந்தால்?

ப: ஓரம் கட்டுங்கள். பாதிச் சாலை தெரியாதபோது அட்டவணையைப் பார்க்காதீர்கள்.

கணவர், தேனி

கே: மாதம் மூன்று நாள் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். வேலைக்குச் சோம்பல் என்கிறார் என் அம்மா. நானும் குழம்புகிறேன்.

ப: குழம்ப வேண்டாம். மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு அதிகம். உலக நோய்ச்சுமைக் கணக்கில் இளம் பெண்களை முடக்கிப்போடும் நோய்களில் இதற்குத்தான் முதலிடம். அந்த மூன்று நாள் அடுப்படியை நீங்கள் பாருங்கள். நாலாம் நாள் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தலைவலிக்கு முன்னால் கண்ணில் என்ன தெரிந்தது என்று அவரே சொல்லட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள்.