கிழிச்சுத் தைக்கிற சங்கத்துல சேந்த பேத்திக்கு

ஏ தாயி, போர்வை தைக்கிற சங்கத்துல சேந்துட்டியாம்ல. உங்கப்பன் ஃபோன்ல சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு. சின்னப் பிள்ளையில கடையில என் பக்கத்துல உக்காந்து காஜா எடுத்த பய அவன். இந்த ஊசி மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னுதான் இஞ்சினியரிங் படிச்சு, கடல் தாண்டிப் பென்சில்வேனியா போனான். போன எடத்துல அவன் மக சந்தா கட்டி ஊசியைப் பிடிக்கிறா. அவனுக்கு வருத்தம். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு.

போன தடவை நான் வந்திருந்தப்ப வேடிக்கை காட்டக் கூட்டிட்டுப் போனியே, அதே சங்கந்தான? நல்ல முழுத்துணியை வாங்கி, துண்டு துண்டா வெட்டி, திரும்பவும் ஒட்டவச்சு, நடுவுல பஞ்சு வச்சு, அதுக்கு ஒரு தலைவி, ஒரு பொருளாளர், மாசாமாசம் கூட்டம். கிறுக்குத்தனம்னு நான் சொல்ல மாட்டேன். மானாமதுரை பஜார்ல ஆயுசு பூராம் மிஷின் மிதிச்சவன் தையலைக் கிறுக்குன்னு சொன்னா, கும்பிட்ட சாமி கண்ணைக் குத்தும். ஆனா நாலு புத்தி சொல்லுவேன். கேட்டுக்க.

முதல்ல துணி. அந்தப் பொம்பளைகளுக்குத் தைக்கிறது ஒரு வியாதி, துணி வாங்குறது தனி வியாதி. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஏமாந்துறாத. கெஜம் 12 டாலர், 13 டாலர்னு வாங்கி, அலமாரியில நிறம் வாரியா அடுக்கி, கதவைத் தொறந்து பாத்துட்டு மூடிருதுக. ஏன்மா தைக்கலைன்னு கேட்டா, "ரொம்ப அழகா இருக்கு, வெட்ட மனசு வரல"ங்குதுக. அப்ப எதைத்தான் வெட்டுவீக? அசிங்கமா இருக்கிறதையா? இந்தக் கேள்வியை முடிஞ்சு வச்சுக்க. பின்னால ஒரு எடத்துல வசமாக் கேப்பேன்.

18 அங்குலத்துக்கு 22 அங்குலம் ஒரு துண்டு. அதுக்கு 'ஃபேட் குவார்ட்டர்'னு பேரு வச்சு, அழகா மடிச்சு, ரிப்பன் கட்டி விக்கிறான். என் கடையில அந்த அளவுல மிஞ்சுனதை எல்லாம் கால்மிதி தைக்கிறவனுக்குச் சாக்கோட தூக்கிக் குடுத்தேன். ரிப்பன் கட்டணும்னு எவனும் எனக்குச் சொல்லலையே!

இவுக பாட்டிமார் வாங்கி அடுக்குனதில்ல தாயி. 1930-கள்ல அங்க பஞ்சம். மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்குல வரும். பொம்பளைக அந்தச் சாக்கைப் பிரிச்சுப் பிள்ளைகளுக்குப் பாவாடையும் போர்வையும் தைக்கிறாகன்னு தெரிஞ்சதும், கம்பெனிக்காரன் சாக்குலயே பூப்போட்டு அச்சடிச்சு அனுப்புனான். அப்புறம் என்ன, சாக்குல இருக்கிற பூவைப் பாத்துத்தான் கோழிக்குத் தீனி வாங்குனாக. கோழியை யாரு கேட்டா? அதுக்கும் முந்தி, 18-ஆம் நூற்றாண்டுல, நம்ம சோழமண்டலக் கரையில இருந்து கப்பலேறிப் போன சீட்டித் துணியில பூவை மட்டும் கத்தரிச்சு எடுத்து, வெள்ளைத் துணி மேல வச்சுத் தைச்சிருக்காக பெரிய வீட்டு அம்மாமாரு. விலையேறுன துணின்னா பணக்கார வீட்டுலயும் துண்டுக்கு மரியாதைதான். உங்க காலத்துலதான் மிச்சமே விழாத வீட்டுல மிச்சத்தை விலைக்கு வாங்குறது.

வாங்குனதும் கத்தரியை வைக்காத. தண்ணியில முக்கி எடு, சுருங்குறது சுருங்கட்டும். சாயம் ஓடுற செகப்புத் துண்டு ஒண்ணு கெடந்தாப் போதும், முழுப் போர்வையும் நாசம். 1950-கள் கடைசியில நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்கா போய், துவைச்சதும் சாயம் ஓடி, வாங்குனவன் சண்டைக்கு வந்துட்டான். விளம்பரக்காரன் லேசுப்பட்டவனா? 'சாயம் போகும், அதுக்கு நாங்க உத்தரவாதம்'னு போட்டு, அதையே பெருமையாக்கி வித்துட்டான். அந்தச் சாமர்த்தியம் ஆஸ்பத்திரிப் பிள்ளைக்குத் தைக்கிற போர்வையில பலிக்காது தாயி.

இவ்வளவு கேலி பேசுறவன் ஒண்ணை ஒத்துக்கிடணும். 2020-ல கொரோனா வந்து, காசு குடுத்தாலும் கடையில முகக்கவசம் இல்லைன்னு ஆனப்ப, இந்தப் பொம்பளைகதான் அலமாரியைத் தொறந்தாக. நெருக்கமா நெய்த பருத்தித் துணி, அதுக்குன்னே செஞ்ச மாதிரி. ராப்பகலாத் தைச்சு ஆஸ்பத்திரிக்கும் அக்கம்பக்கத்துக்கும் குடுத்தாக. காதுல மாட்டுற எலாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்துச்சே தவிர, இவுக துணி தீரல. பதுக்கி வச்சவுகளுக்கும் புண்ணியம் கெடச்சதை நான் இந்த ஒரு தரந்தான் கேள்விப்பட்டேன்.

கூட்டத்துக்குப் போனா வாயை அளந்து தொற. தைச்சதைத் தூக்கிக் காட்டுற நேரம்னு ஒண்ணு வரும். ஒருத்தி விரிச்சதும் சுத்தி இருக்கிறவுக எல்லாம் மூச்சை இழுத்து ஆகா ஓகோங்கணும். நீயும் இழு, காசா பணமா? கோணல் கண்ணுல படும். நீ தையக்காரன் பேத்தி, படத்தான் செய்யும். சொல்லிறாத. சொல்றவளுக்குப் 'போர்வை போலீஸ்'னு பட்டம் கட்டிருவாக. முடிக்காமக் கெடக்கிற போர்வை வீட்டுக்கு வீடு உண்டு, 'யுஃபோ'ன்னு செல்லப் பேரு. எத்தனை வச்சிருக்கீகன்னு மட்டும் எவளையும் கேக்காத. அப்புறம் எல்லாருமாச் சேந்து ஒரு பெரிய போர்வை தைச்சு, சீட்டு அடிச்சு வித்து, குலுக்கல் போடுவாக. புதுசாச் சேந்தவ தலையில ஒரு கட்டுச் சீட்டு விழும். அதை உங்கப்பன் கையில குடுத்து ஆபீஸ்ல விக்கச் சொல்லு. ஊசியை விட்டு ஓடுனவனுக்கு அதுதான் தண்டனை.

இந்த வசூல் பழக்கம் பழசு. முதல் உலகப் போர் நடக்கும்போது, 1917 டிசம்பர்ல, 'மாடர்ன் பிரிசில்லா'ங்கிற பொம்பளைக பத்திரிகை ஒரு யோசனை சொல்லுச்சு. வெள்ளைத் துணியில செஞ்சிலுவை போட்டுப் போர்வை தைங்க, காசு குடுக்கிறவுக பேரைச் செகப்பு நூல்ல அதுமேல தைங்க, ஒரு போர்வைக்கு ஆயிரம் டாலர் சேத்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் குடுங்கன்னு. ஊர் ஊராத் தைச்சாக. நம்ம ஊர்க் கோயில் ட்யூப்லைட்டுல வெளிச்சம் வர்ற எடத்தை எல்லாம் மறைச்சு 'உபயம்'னு எழுதுறோமே, அதேதான், என்ன, இதுல கொஞ்சம் கதகதப்பு சேத்தி. நான் குறை சொல்லல. பேரு வேணும்னு குடுத்த காசும் காயம்பட்டவனுக்குக் கட்டுத் துணியாத்தான் போய்ச் சேந்துச்சு.

இனி தர்மத்துக்கு வருவோம். இங்கதான் உன் காதைப் பிடிக்கணும்.

1995-ல, கிறிஸ்துமஸுக்கு மொத நாளு, டென்வர் பக்கத்துல கேரன் லௌக்ஸ்ங்கிற அம்மா ஒரு பத்திரிகையில சின்னப் பிள்ளை ஒண்ணோட கதையைப் படிச்சுச்சு. ரத்தப் புற்றுநோய், பக்கத்துலயே வச்சிருந்த போர்வையைப் பிடிச்சுக்கிட்டே வைத்தியத்தைத் தாங்குன பிள்ளை. அந்தம்மா சும்மா இருக்கல. போர்வை தைச்சு அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குக் குடுக்க ஆரம்பிச்சது, இன்னைக்கு 'புராஜெக்ட் லைனஸ்'னு நாடு பூராம் கிளை விட்டுருக்கு. லைனஸ், கார்ட்டூன்ல போர்வையை விடாம இழுத்துக்கிட்டே திரிவானே, அந்தப் பொடியன். அப்புறம் 2003-ல கேத்தரின் ராபர்ட்ஸ்னு ஒரு அம்மா. மகன் ஈராக்குல பட்டாளத்துல. பெத்தவ தூங்க முடியுமா? போர்ல அடிபட்டு வந்தவுகளுக்குப் போர்வைன்னு 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' ஆரம்பிச்சா. அங்க சட்டம் கறாரு: 55-க்கு 65 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 72-க்கு 90-ஐத் தாண்டக் கூடாது, முடிச்சுப் போட்டு ஒப்பேத்தக் கூடாது, முழுக்க நூல் ஓட்டணும், பின்னால யாரு தைச்சதுன்னு சீட்டு இருக்கணும். லூதரன் சர்ச்சுக் கிழவிகளோ நேர்மாறு. 60-க்கு 80, மூணு அடுக்கையும் சேத்து அங்கங்க ஒரு முடிச்சு, முடிஞ்சது. அகதி முகாமுக்குப் போற போர்வை அது. அங்க ஒருத்தி அதை விரிச்சுப் படுப்பா, ஒருத்தி வெயிலுக்குப் பந்தலாக் கட்டுவா, ஒருத்தி பிள்ளையை முதுகுல வச்சுக் கட்டிக்குவா. நல்ல முடிச்சு அத்தனையையும் தாங்கும்.

இதுல எது ஒசத்தின்னு சங்கத்துல சண்டை நடக்கும், நீ போகாத. தையக்காரனுக்கு இதுல ஒரு விசயந்தான் தெரியுது. ரெண்டு பேரும் போத்துறவன் அளவை எடுத்திருக்காக. மிச்சப் பேரு எடுக்கிறதில்ல. இப்பக் கேக்கிறேன் அந்தக் கேள்வியை. அழகான துணியை வெட்ட மனசு வராம அலமாரியில வச்சிட்டு, எவளோ குடுத்துட்டுப் போன பழுப்புப் பச்சையும், போன வருசக் கிறிஸ்துமஸ் மான் படமும், தொட்டா மொடமொடன்னு இருக்கிற கலப்படத் துணியும் எங்க போகுது? ஒரு பெட்டியில. பெட்டிமேல என்ன எழுதியிருக்கு? 'தர்மத்துக்கு'. நீ டீ எடுக்கப் போன நேரத்துல நான் அந்தப் பெட்டியைத் தொறந்து பாத்துட்டேன் தாயி. என் கடைக் கால்மிதிச் சாக்கு அதைவிட லட்சணமா இருந்துச்சு.

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதம்பாக. அது வாங்குறவனுக்குச் சொன்னது. குடுக்கிறவ பல்லைப் பாத்துத்தான் குடுக்கணும். உறுத்துற துணி, கழண்டு விழுற பொத்தான், நாய் முடி, சிகரெட் வாடை எதுவும் வேண்டாம். ஊசி போட்டு, மருந்து ஏத்தி, உதடு காஞ்சு கெடக்கிற பிள்ளை அது. அதுக்குப் போய் மானா? ஒரு ஃபோன் போட்டுக் கேளு: எத்தனை வயசுப் பிள்ளைக, என்ன அளவு, எத்தனை வேணும், இல்ல ஏற்கெனவே ரூம் நெறையக் கெடக்கா. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா மூஞ்சியைத் தூக்காத. உனக்குத் தைக்க ஆசைங்கிறதுக்காக ஒரு பிள்ளை நோவுல விழ முடியுமா?

கேலியை ஒதுக்கி வச்சுட்டு ஒண்ணு சொல்றேன். 1985-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கிளீவ் ஜோன்ஸ்ங்கிறவரு, எய்ட்ஸ் வந்து செத்தவுக பேரை அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டச் சொன்னாரு. ஒட்டினதைத் தள்ளி நின்னு பாத்தா ஒட்டுப் போர்வை. அங்க பிறந்த யோசனை. 1987 அக்டோபர் 11, வாஷிங்டன்ல புல்வெளி மேல 1,920 துணி விரிச்சாக. ஒரு துணி மூணடிக்கு ஆறடி. நான் எத்தனையோ அளவு வெட்டியிருக்கேன், இந்த அளவைக் கேட்டதும் கை நின்னு போச்சு. அது குழியோட அளவு. எடுத்துப் பொதைக்கக்கூட ஆளு வராத சாவு அதுல எத்தனையோ. தைச்சவுக பலபேருக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. செத்தவனோட சட்டை, ஜீன்ஸ், பொம்மை, கெடச்சதை எல்லாம் வச்சுத் தைச்சாக. கோணலும் மாணலுந்தான். இப்ப 50,000 துணி ஆயிருச்சு, 54 டன் கனம். எந்தப் போலீசும் அங்க தையலை அளந்து பாக்கல.

கோணல்னதும் அலபாமா ஞாபகம் வருது. ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, மூணு பக்கமும் ஆறு வளைச்சுக் கெடக்கும். அடிமையா இருந்தவுக வம்சத்துக் கறுப்பு ஜனங்க. ஓட்டுரிமை கேட்டு எழும்புன காலத்துல, 1962-ல, அக்கரைக்குப் போற படகை நிறுத்திட்டாக. திரும்ப ஓடுனது 2006-லதான். அந்த ஊருப் பொம்பளைக தேஞ்ச வேலைத்துணியில தைச்ச போர்வையை 2002-ல நியூயார்க் விட்னி மியூசியத்துல செவுத்துல மாட்டுனாக. நீ அந்தப் படத்தைத்தான் எனக்குக் காட்டுன. எனக்குப் பிடிச்சது மியூசியம் இல்ல. அந்தப் பக்கத்துப் பொம்பளைக 1966-ல 'ஃப்ரீடம் குவில்டிங் பீ'ன்னு கூட்டுறவு வச்சாக பாரு, அது. தைக்கிறோம், கூலி குடுன்னாக. 1972-ல சியர்ஸ் கடைக்கு கார்டுராய்த் தலையணை உறை தைச்சுக் குடுத்து, வெட்டுல விழுந்த துண்டை அவுக வீட்டுப் போர்வையில சேத்துக்கிட்டாக. வெட்டுத்துணி தையக்காரனுக்கேங்கிறது உலகம் பூராம் ஒரே சட்டந்தான் போல.

அதனால உங்க சங்கத்துல ஒரு தரம் எந்திரிச்சுக் கேட்டுப் பாரு: நாம ஓசியில தைச்சுக் குடுக்க ஆகுற காசுக்கு, தைச்சுப் பிழைக்கிறவகிட்ட ஒரு போர்வை விலைக்கு வாங்கிக் குடுத்தா என்னன்னு. கெஜம் 13 டாலர் துணி, பஞ்சு, மிஷின் நூல், உன் சனி ஞாயிறு எல்லாம் கணக்குப் போட்டா அதுதான் மலிவா வரும். எல்லாரும் உன்னை மொறைப்பாக. மொறைக்கட்டும். தர்மப் போர்வையில முதல் லாபம் தைக்கிறவளுக்குத்தான்னு அவுகளுக்கும் தெரியும். புருசனைப் பறிகொடுத்த ஒரு அம்மா சங்கத்து மேசையில வந்து உக்காந்து, யாரு கூடவும் பேசாம முக்கோணம் முக்கோணமாத் தைச்சுக்கிட்டே இருந்துச்சே, பாத்தேல்ல? அந்தப் போர்வை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன, பாதி வைத்தியம் அந்த மேசையிலயே நடந்து போச்சு.

ஆமிஷ் ஜனங்க ஆண்டவனுக்குப் பயந்து ஒவ்வொரு போர்வையிலும் வேணும்னே ஒரு தப்பு வைப்பாகன்னு உனக்கும் யாராச்சும் கதை விடுவாக. விசாரிச்சவுக அதுக்கு ஆதாரம் இல்லைங்கிறாக. வேணும்னே தப்பு வைக்கிற அளவுக்குத் தப்பில்லாமத் தைச்சவளை நானும் பாத்ததில்ல. நீ அந்தக் கதையைக் கேட்டுட்டுத் தலையை ஆட்டு, உன் கோணலுக்கு ஒதவும்.

உங்க அப்பத்தா தனக்கும் ஒண்ணு வேணுமுங்கிறா. சித்திரை வெயில்ல இது எதுக்குடின்னேன், மார்கழின்னு ஒண்ணு வராதாங்கிறா. அளவு எழுதிக்க: நாலடி எட்டங்குலம், ஆனா காலை நீட்டிப் படுக்க மாட்டா, சுருண்டுதான் படுப்பா. பஞ்சு லேசா வை, முழங்கால்ல கனம் ஏறுனா வலிக்குதுங்கிறா. பச்சை ஆகாது, மானும் வேண்டாம். கூலி எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிரு தாயி, தைச்சு முடிச்சப்புறம் பேரம் பேசுறது எனக்குப் பிடிக்காது.