மலை கேட்ட பேரனுக்கு

தம்பி மோனை, நீ சுவிசில இருந்து போனில அனுப்பின செய்தியை உன்ர அப்பம்மா எனக்கு வாசிச்சுக் காட்டினவ. தீவுப் பக்கம் சனம் இல்லாத மலை ஒண்டு வேணுமாம். விடிய ஏறிப் பின்னேரம் இறங்க வேணுமாம். மேல நிண்டால் கடல் தெரிய வேணுமாம். கேட்டிட்டு நான் முற்றத்தில இறங்கி நாலு பக்கமும் பாத்தன், இரவோட இரவா ஆரும் எனக்குச் சொல்லாமல் மலை ஏதும் கொண்டு வந்து வைச்சிட்டினமோ எண்டு. இல்லை ராசா. வேலணையும் புங்குடுதீவும் நேற்றுக் கிடந்த மாதிரியே தட்டையாத்தான் கிடக்குதுகள்.

கடவுள் பங்கு பிரிச்சதில பிழை இல்லை. உங்களுக்கு மலையைத் தந்தார், கடலைத் தரேல்லை. எங்களுக்குக் கடலைத் தந்தார், மலையைத் தரேல்லை. நீ கொண்டு வந்த முக்கோணச் சொக்லேற்றுப் பெட்டியில ஒரு மலை இருந்ததெல்லே, 4,478 மீற்றர் உயரம் எண்டு நீதானே சொன்னனீ. 2023இல அந்த மலையைப் பெட்டியில இருந்தும் எடுத்துப் போட்டாங்களாம். மலை உள்ள ஊரிலயே மலைக்கு அந்த நிலைமை எண்டால், என்னட்டை ஏன் அப்பு மலை கேக்கிறாய்?

இலங்கையில மலையும் கடலும் சேந்த இடமே இல்லையோ எண்டு நாண்டுகொண்டு நிப்பாய். இருக்கு. திருகோணமலைக்குப் போ. பிரட்றிக் கோட்டை வாசலால உள்ளிட்டு, மான்களை விலத்திக்கொண்டு மேல நடந்தால் கோணேசர் இருக்கிறார். பக்கத்தில இராவணன் வெட்டு, எட்டிப் பாத்தால் கடல். மலையும் ஆச்சு, கடலும் ஆச்சு. ஆனால் அங்க போய் அமைதி கேக்காதை. பஸ் பஸ்ஸாச் சனம் வந்து இறங்கும். செருப்பைக் கழட்டினால் திரும்பி வரேக்க அதைத் தேடிறதே ஒரு மலை ஏற்றம்.

எங்களிட்ட உயரமே இல்லையெண்டு குறைச்சும் நினையாதை. பனை நிக்குது. அறுபது, எழுபது அடி. காலில தளைநார் போட்டு, இடுப்பில முட்டியைக் கட்டிக்கொண்டு காலமையும் பின்னேரமும் ஏறி இறங்கின மனிசர் இஞ்ச இருக்கினம். வட்டுக்குள்ள நிண்டு கடலைப் பாத்ததும் அவையள்தான். அதுக்கு ஒருத்தரும் சப்பாத்து வாங்கவும் இல்லை, படம் எடுத்து ஊருக்குக் காட்டவும் இல்லை. நீ ஏறப் போறாய் எண்டால் முதலில உன்ர அம்மாவிட்டைக் கேட்டிட்டு வா. கள்ளு மட்டும் காணும் எண்டால் அம்மாவிட்டைக் கேளாதை, என்னட்டைக் கேள்.

இனி விசர்க் கதையை விட்டிட்டு நடக்கிற கதைக்கு வாறன். நடக்க வேணும் எண்டால் நெடுந்தீவுக்குப் போ. என்ர வீட்டில நிக்கமாட்டாய், யாழ்ப்பாணம் ரவுணில குளிர் அறை எடுப்பாய் எண்டு தெரியும். அங்க இருந்து விடியக்காலமை குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடி. பண்ணையைத் தாண்டி, மண்கும்பான், வேலணை போய், புங்குடுதீவுக்கு ஏறுற தாம்போதியில பஸ் ஓடேக்க ரண்டு பக்கமும் கடல். ஒரு அடி ஏறாமலே நீ கேட்ட காட்சி கிடைச்சிட்டுது, அதுவும் இருந்த இருப்பில.

துறையில ரண்டு பக்கத்துக்கும் போட் வெளிக்கிடும். நயினாதீவுக்குப் போறது கொஞ்ச நேரத்தில போய்ச் சேந்திடும். நாகபூசணி அம்மனிட்டப் போற சனமும் நாகவிகாரைக்குப் போற சனமும் அதிலதான் ஏறும். நெடுந்தீவுப் போட் ஒரு மணித்தியாலம் ஓடும். மாறி ஏறினியெண்டால் புண்ணியம் கிடைக்கும், நெடுந்தீவுக் குதிரை கிடையாது. அந்தக் காலத்துப் போட்டுகளில ஏறினால் கீழ் அறைக்குள்ளதான் இருக்க விடுவினம். மலை ஏற வந்தவன் முதலில போட்டின்ர வயித்துக்குள்ள இறங்க வேணும், இதுதான் எங்கட ஊர்ச் சட்டம். தை, மாசியில வா. மாரி முடிஞ்சு குளம் குட்டையில தண்ணி நிக்கும், புல்லும் பச்சையா இருக்கும். சோளகம் எழும்பினாப் பிறகு வந்தியெண்டால் கடலிலயே மலை காட்டுவான், ஏறுறதும் இறங்கிறதும் உன்ர குடலுக்குத்தான் தெரியும்.

ஒண்டு மட்டும் பகிடி இல்லாமல் சொல்லுறன். 1985 மே 15, நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் போட்டை இந்தக் கடலில மறிச்சுச் சனத்தை வெட்டிக் கொன்றவங்கள். பெண்டுகள், குழந்தையள் எண்டும் பாக்கேல்லை. நெடுந்தீவில நீ இறங்கிற மாவலித்துறையில நினைவுத்தூபி இருக்கு. அதடியில தொப்பியைக் கழட்டிப்போட்டு நில். பேந்து நட.

இறங்கின உடன ஓட்டோக்காரர் வந்து, எல்லாத்தையும் மத்தியானத்துக்குள்ள காட்டி முடிக்கிறன் எண்டு சொல்லுவினம். முடிச்சிடுவினம், அதுதான் பிரச்சினை. நீ ஆறுதலா நட. ஏலாட்டி ஒரு சைக்கிளை வாடகைக்கு எடு. ஒழுங்கை எல்லாம் முருகைக்கல் வேலி. சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு அடுக்கினது. காத்து அதுக்குள்ளால ஊடுருவிப் போறதால வேலி விழாமல் நிக்குது. குறுக்க நிண்டு மறிக்கிறவன்தான் விழுவான் எண்டு உன்ர அப்பனுக்கும் அந்தக் காலம் சொன்னனான், அவன் கேக்கேல்லை.

பறங்கியன் மாட்டைக் கண்டிட்டு நெடுந்தீவுக்குப் பசுத்தீவு எண்டு தன்ர பாசையில பேர் வைச்சான். ஒல்லாந்தன் வந்து டெல்வ்ற் எண்டு தன்ர ஊர்ப் பேரைப் போட்டான். அவன்ர தேசத்தில ஆக உயந்த மேடே 322 மீற்றர்தான். தட்டையில பிறந்தவன் தட்டையைக் கண்டான், வாய் திறந்து மலை கேக்கேல்லை. பறங்கியனோ ஒல்லாந்தனோ, இருந்த முருகைக்கல்லை எடுத்துக் கோட்டை கட்டினான். அது இப்ப ஆஸ்பத்திரிக்குப் பின்னால இடிஞ்சு கிடக்கு. கட்டைக் குதிரையளைக் கண்டாலும் தூர நிண்டு பார். வெள்ளைக்காரன் காலத்தில லெப்டினன்ட் நோலன் எண்டு ஒரு துரை இஞ்ச குதிரை வளத்தவர். துரையும் போட்டார், இராச்சியமும் போட்டுது, குதிரை மட்டும் ஆற்றையும் சொல்லுக் கேளாமல் மேயுது. கிட்டப் போய்ச் செல்பி எடுத்து உதை வாங்கினியெண்டால் ஒரு நன்மை இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க கோட்டையும் பாத்த மாதிரி.

ஆபிரிக்காவில முளைக்கிற பெருக்கமரம் ஒண்டு இஞ்ச நிக்குது. அராபியக் கப்பல்காரர் கொண்டு வந்தது எண்டு சொல்லுவினம். அடிமரம் கோறை, உள்ள போய் நிக்கலாம். வெய்யிலுக்கு அதுதான் உனக்குக் குகை. பாறையில ஒரு பெரிய பாத அடையாளம் காட்டுவினம். அந்தக் காலை வைச்சவனும் உன்னை மாதிரி மலை தேடி வந்தவனா இருக்க வேணும், இல்லையெண்டு கண்டிட்டு மற்றக் காலை வேற தேசத்தில வைச்சிட்டான். வளருற கல்லு எண்டும் ஒண்டு இருக்கு, சனம் கும்பிடுது. அவசரம் இல்லையெண்டால் அதுக்குப் பக்கத்தில பாயைப் போட்டுக்கொண்டு இரு. உன்ர பேரன் ஏறுவான்.

தண்ணி நீயே கொண்டு போ. இந்தத் தீவில நல்ல தண்ணி வேணுமெண்டு குதிரையே அலையிது, உனக்கு ஆர் தரப்போயினம்? அந்தக் கண்டறியாத சத்துக் கட்டியை விட்டிட்டு, ரண்டு பனாட்டும் ஒரு பிடி புழுக்கொடியலும் பையில போடு. புழுக்கொடியலைச் சப்பத் தொடங்கினால் கோட்டை மட்டும் உன்னால வாய் திறந்து கதைக்கேலாது. நீ கேட்ட அமைதியில பாதி அங்கயே வந்திடும்.

மற்றப் பாதியைப் பற்றித்தான் கதைக்க வேணும். சனம் இல்லாத இடம் எண்டு எழுதினியெல்லே. அந்த விசயத்தில நீ குடுத்து வைச்சவன். பஸ் புங்குடுதீவால போகேக்க யன்னலால பார். கூரை இல்லாத வீடு, கதவில்லாத நிலை, சுவரில ஆலங்கண்டு. 90, 91இல விட்டிட்டு ஓடினது. ஓடினவை கொழும்புக்குப் போச்சினம், பேந்து பாரிசுக்கு, கனடாவுக்கு, உன்ர அப்பன் சுவிசுக்கு. காசு மட்டும் ஒழுங்காத் திரும்பி வருது. அதில கோயில் கோபுரம் எல்லாம் புதுசாய்ப் பளபளக்குது. எங்கட ஊரில இப்ப ஆக உயரம் அதுகள்தான், ஆனால் ஏற விடமாட்டினம். திருவிழாவுக்குப் பிளேன் பிளேனாச் சனம் வரும். மற்ற நாளில ஐயரும் மணியும்தான்.

ஆனபடியால் மோனை, நீ தேடுற அமைதி மலையால வந்ததில்லை, நீங்கள் எல்லாரும் போனதால வந்தது. உன்ர அப்பன் உண்டாக்கி வைச்ச அமைதியைப் பாக்க நீ ஆயிரம் பிராங் குடுத்து ரிக்கற் போடுறாய். எங்களுக்கு அமைதி மலிஞ்சுபோய்க் கிடக்கு, வேணுமெண்டால் பொதி கட்டித் தந்து விடுறன். வரேக்க நீ கொஞ்சம் சத்தம் கொண்டு வா. உன்ர ரண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. கிணத்தடியில அதுகள் அடிபட்டுக் குழறட்டும்.

கடைசியா ஒரு புத்தி. நினைவுக்கு எண்டு வேலிக் கல்லை எடுத்துப் பையில போடாதை. மாடு தட்டி விழுத்தின கல்லுகள் ஒழுங்கையில கிடக்கும், அதில ஒண்டைத் தூக்கி மேல வை. நெடுந்தீவு இண்டைக்கு ஒரு சாண் உயந்தது எண்டு நான் கணக்கில எழுதுறன். ஆனால் வைக்க முன்னம் அது ஆற்ற வேலி, எல்லை எதால போகுது எண்டு கேட்டிட்டு வை. ஒரு கல்லு அங்கால தள்ளி இருந்துதெண்டால் நீ சுவிசுக்குப் போகேலாது, ஊர்காவற்றுறைக் கோட்டில தவணைக்குத் தவணை நிக்க வேணும். அந்த வழக்கு கெதியில முடியக் கூடாது எண்டு உன்ர அப்பம்மா நயினை அம்மனுக்கு நேத்தி வைப்பா.